நாற்காலியை மடித்து வையுங்கள்

மார்ச் 3, திங்கள்

1. இக்குறிப்புகளை எழுதுபவன் சட்டம் பயின்றவன். சில ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடி, குரல் போதாமையால் அதை விட்டவன். தற்போது குழந்தைகளுக்கான கட்டில், நடைவண்டி, நாற்காலி ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சட்ட அலுவலர். வயது நாற்பத்தாறு. மணமானவன்.

2. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதுவேன்.

3. இவை எவருடைய தூண்டுதலும் இன்றி எழுதப்படுகின்றன. "டைரிக்குமா முன்னுரை?" என்று மனைவி கேட்டதைத் தூண்டுதலாகக் கொள்ள இயலாது.

4. இன்று தொடங்கக் காரணம் உண்டு. காலையில் ஒரு முறையீடு வந்தது. எங்கள் மடக்கு நாற்காலியில் (குழந்தைகள் சாப்பிட உட்காரும் உயரமான வகை) தன் மகன் அமர்ந்திருந்தபோது அதன் கால்கள் தாமாக மடங்கத் தொடங்கின என்றும், சுட்டுவிரல் நசுங்கித் தையல் போட வேண்டியதாயிற்று என்றும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். படம் வைத்திருக்கிறார். கட்டுப் போட்ட சிறு கை. பின்னொரு நாள் எவரேனும் 'அன்று உமக்கு என்ன தெரியும்?' என்று என்னைக் கேட்டால், நினைவை நம்பி நிற்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 6, வியாழன்

பட்டறை மேஸ்திரி சோதனை முடித்துவிட்டார். நாற்காலியின் கால்களை விரித்த நிலையில் பிடித்து நிறுத்துவது பிளாஸ்டிக் கொக்கி ஒன்று. புதிதாக இருக்கும்போது அது உறுதியாகவே நிற்கிறது. மாதக்கணக்கில் விரித்து மடித்து, சுடுநீரில் கழுவித் துடைத்து, குழந்தை முன்னும் பின்னும் ஆடி ஆடி, அதன் பல் தேய்கிறது. தேய்ந்த கொக்கி எடையைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். என் முன்னால் மணல் மூட்டையை உட்கார வைத்துக் காட்டினார். பலமுறை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருமுறை 'டக்' என்றொரு சத்தம். கத்தரிக்கோல் மூடுவதுபோல் கால்கள் மூடின.

"உலோகத்துல போட்டுட்டா தீந்துது சார். இனிமே செய்யறதுல மாத்திடலாம். ஏற்கெனவே வித்ததுக்குத்தான் என்ன பண்றதுன்னு நீங்க சொல்லணும்."

நான் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

முதலாளியின் அறையில் கூட்டம். அவர், நான், விளம்பரப் பிரிவின் தலைவர். விளம்பரக்காரரை அலுவலகம் முழுதும் 'சர்க்கரை' என்றே அழைக்கும். அவர் எழுதினால் ஆணிகூட இனிக்கும் என்பதால். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நான் கூறிய ஆலோசனை, உள்ளது உள்ளபடி: நாற்காலி வாங்கிய எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும். ஆனால் கடிதம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. 'ஆபத்து', 'பழுது', 'காயம்', 'தவறு' ஆகிய சொற்கள் வரலாகாது. ஒப்புக்கொண்ட ஒவ்வொரு சொல்லும் நாளை நமக்கு எதிராக வாசிக்கப்படும்.

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "இதுக்குத்தான் வக்கீல் வேணுங்கறது. எழுதுங்க."

மார்ச் 14, வெள்ளி

கடிதம் போய்விட்டது. முதன்மை வாக்கியத்தை இங்கே பெயர்த்து எழுதுகிறேன்:

'எமது தயாரிப்புகளின் தரத்தை இடையறாது மேம்படுத்தும் நடைமுறையின் ஒரு பகுதியாக, எவ்விதக் குறைபாட்டையும் ஏற்றுக்கொள்வதாகப் பொருள்படாத வகையில், தங்களிடமுள்ள மடக்கு நாற்காலியின் இணைப்புக் கொக்கியைத் தாங்கள் விரும்பும் பட்சத்தில், தங்களுக்கு உகந்த நேரத்தில், கட்டணமின்றி மேம்பட்டதொரு கொக்கியாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பினை வழங்குவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.'

ஒரு வாரம் இழைத்த வாக்கியம். எந்தப் பக்கத்திலிருந்து தட்டினாலும் ஓசை வராது. முதலாளி படித்துவிட்டு, "அருமை. ஒண்ணுமே சொல்லல" என்றார். பாராட்டாகவே சொன்னார், பாராட்டாகவே ஏற்றேன்.

மார்ச் 20, வியாழன்

மாற்றிக்கொள்ள வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். பட்டறையில் உலோகக் கொக்கிகள் பெட்டி பெட்டியாகக் காத்திருக்கின்றன. தொலைபேசி மேசையில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன்.

"போன் வருது சார். ஆனா எல்லாரும் வேற கேக்கறாங்க. 'பரிசு ஏதோ விழுந்திருக்காமே'ன்னு ஒருத்தர். 'ஆஃபர் எப்ப முடியுது'ன்னு ஒரு அம்மா. ஒருத்தர் 'பழசே நல்லாத்தாம்மா இருக்கு, உங்க மகிழ்ச்சியை நீங்களே வெச்சுக்குங்க'ன்னு வெச்சுட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் சார். 'கடிதத்தில் உள்ளதற்கு மேல் கூற இயலாது'."

ஆம். அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கை வீட்டுக்குச் சென்றோம். எழுத உட்கார்ந்து நெடுநேரம் ஆகிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

தங்கையின் மகளுக்கு ஒன்றரை வயது. அந்த வீட்டில் எங்கள் நாற்காலி உண்டு. பிறந்தநாளுக்கு நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இது எனக்குத் தெரியாத செய்தி அன்று. கொக்கியின் சோதனை முடிந்த அன்றே நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தும் நான் தங்கையிடம் எதுவும் கூறவில்லை. காரணம் ஒன்று வைத்திருந்தேன்: வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி; அலுவலர் தம் உறவினருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வது முறையன்று. உத்தரவாத அட்டையில் அவள் முகவரி உள்ளது, கடிதம் வந்து சேரும், படித்துப் புரிந்துகொள்வாள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது குழந்தை அந்த நாற்காலியில்தான் இருந்தாள். பழத்தைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள் தங்கை. குழந்தை என்னைக் கண்டதும் கைகளைத் தூக்கி, உடம்பு முழுவதையும் முன்னும் பின்னும் ஆட்டிச் சிரித்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. கிண்ணத்துக்கு அடியில், தட்டில் கறை படியாமலிருக்க, தங்கை ஒரு தாளை மடித்துப் போட்டிருந்தாள். அதன் ஓரத்தில் எங்கள் நிறுவனத்தின் முத்திரை.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. செருப்பைக் கழற்றவில்லை என்று பிறகு மனைவி சொன்னாள். குழந்தையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் கால் தட்டில் மாட்டி, கிண்ணம் கவிழ்ந்து, அவள் வீறிட்டு அழுதாள்.

"அண்ணா! என்ன ஆச்சு உனக்கு? பயந்துட்டா பாரு!"

"கடிதம் வரலையா?"

"எந்தக் கடிதம்? இதுவா? வந்துச்சே. உங்க கம்பெனி நன்றி சொல்லி அனுப்பியிருந்தாங்க. என்னமோ மகிழ்ச்சி அடைகிறோம்னு. நல்ல வழவழப்புத் தாளா இருந்துச்சா, அதான் கிண்ணத்துக்கு அடியில…"

"அதுல கொக்கியை மாத்திக்கச் சொல்லியிருக்கு."

"விருப்பம் இருந்தா மாத்திக்கோன்னு இருக்கு. எனக்கு விருப்பம் இல்ல. இது நல்லாத்தானே இருக்கு?"

அப்போதுதான் சொன்னேன். கொக்கி தேயும். மடங்கும். ஒரு குழந்தைக்கு விரல்—

தங்கை குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்பதே சரி.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பதில் சொன்னேன்.

"இவ்ளோ நாளா? தினம் மூணு வேளை இவ இதுலதான் உக்காந்திருக்கா. ஒரு போன் பண்ணக் கூடாதா? நீ என் அண்ணனா, அந்தக் கம்பெனியோட ஆளா?"

திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் சாவியைத் துழாவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "சொந்தத் தங்கச்சிக்கும் வக்கீல் நோட்டீஸ்தானா?"

மார்ச் 24, திங்கள்

என் கடிதத்தை, எழுதியவனாக இல்லாமல், கிண்ணத்தை வைக்க இடம் தேடும் ஒருத்தியாகப் படித்துப் பார்த்தேன். எங்கே இருக்கிறது செய்தி? 'கொக்கி' என்ற சொல் வரும்போது வாசகர் களைத்திருப்பார். 'மாற்றிக்கொள்ளும்' என்ற சொல் வரும்போது போயே போயிருப்பார்.

நான் யாருக்கு எழுதினேன்? இன்னும் வராத ஒரு நீதிபதிக்கு. குழந்தை வைத்திருக்கும் யாருக்கும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

முதலாளியிடம் சென்றேன். முதல் கடிதம் பயன்படவில்லை, தெளிவாக இன்னொன்று எழுத வேண்டும், காயத்தையும் காரணத்தையும் சொல்லியாக வேண்டும் என்றேன். எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்றையும் அவரிடம் கொடுத்தேன். சட்டப் பிரிவுகள், முன் தீர்ப்புகள், அடிக்குறிப்புகள்.

அவர் தாள்களைப் புரட்டாமல் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை ஒத்துக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்ப எல்லாத்தையும் ஒத்துக்கணும்னு சொல்றது?"

"நான்தான்."

"ரெண்டு பேருல யாரு என் வக்கீல்?"

தாள்களை மேசையில் போட்டார்.

"புது மாடல் கடைக்குப் போற நேரம். இப்பப் போய் நம்ம நாற்காலி உடையும்னு நாமே ஊரெல்லாம் சொல்லுவோமா? பேசாம இருங்க. மெதுவா வருவாங்க."

எட்டுப் பக்கம் அவர் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போயிற்று. கண்ணால் கண்டேன். என் எழுத்து எங்கே சென்றாலும் எதற்காவது அடியில்தான் போகிறது.

மார்ச் 27, வியாழன்

இன்னொரு குழந்தை. பெண். தாடையில் வெட்டு. தட்டின் விளிம்பு பட்டிருக்கிறது.

தொலைபேசி மேசை அம்மா என் அறைக்கே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "குழந்தையோட அப்பாதான் பேசினார் சார். கடிதம் வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சாம். விளம்பரம்னு தூக்கிப் போட்டாராம். அவர் திட்டலை சார். திட்டியிருந்தாப் பரவாயில்ல. 'முன்னாடியே தெரியுமா உங்களுக்கு'ன்னு மட்டும் கேட்டார். கடிதத்துல உள்ளதுக்கு மேல சொல்ல முடியாதுன்னேன்." அங்கேயே நின்றார். "இனிமே என்னால அதைச் சொல்ல முடியாது சார். வேலையை விட்டு அனுப்பினா அனுப்பட்டும்."

நாளையிலிருந்து, கேட்பவர் எவராயினும் நாற்காலியை மடித்து வைக்கச் சொல்லுமாறு அவரிடம் கூறினேன். எழுத்து மூலம் வேண்டுமா என்றேன். "வேண்டாம் சார், நீங்க எழுதினா எனக்குப் புரியாது" என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

கேட்பவர்கள் சரி. கேட்காதவர்கள்?

மார்ச் 28, வெள்ளி

முதலாளி அனுமதிக்கிறாரோ இல்லையோ, கடிதத்தை எழுதி வைத்துவிடுவது என்று முடிவு. சர்க்கரையிடம் உதவி கேட்டேன். இதுவரை அவர் எழுதியவற்றை நான் அடித்தேனே ஒழிய, அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அவர் உற்சாகமாகிவிட்டார். மதியத்துக்குள் ஒரு வரைவு கொடுத்தார்:

'உங்கள் செல்லத்தின் சிரிப்பே எங்கள் மூச்சு! அந்தச் சிரிப்பு என்றும் மலர, இதோ ஓர் இரும்புக் கொக்கி!'

"எப்படி?"

"இதைப் படிச்சா என் தங்கச்சி கொக்கியைப் பரிசுன்னு நினைச்சு ஷோகேஸ்ல வைப்பா."

அவர் முகம் விழுந்தது. பிறகு என் பழைய கடிதத்தைக் கையில் எடுத்து, "உங்களுது மட்டும் என்னவாம்? பெருமகிழ்ச்சி அடைகிறோம்! குழந்தைக்கு அடிபடும்னு சொல்ல வந்தவர் பெருமகிழ்ச்சியில ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார்.

உண்மை. அவர் சர்க்கரையில் மூடுகிறார். நான் பஞ்சில் சுற்றுகிறேன். இருவர் எழுத்திலும் கொக்கி உடையவில்லை.

பின்பு அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசினார், கேலியின்றி. "சார், நான் ஒரு சோப்பு விக்கணும்னா 'வாங்கு'ன்னு எங்கயாச்சும் நேரா சொல்லியே ஆகணும். சுத்திச் சுத்தி வரலாம், ஆனா அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா யாரும் வாங்க மாட்டாங்க. உங்க கடிதத்துல அந்த வார்த்தை எது? அவங்க எழுந்து போயி என்ன செய்யணும்?"

"மடித்து வைக்க வேண்டும்."

"எழுதலையே நீங்க."

எழுதவில்லை. கொக்கியை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினேன். மாற்றும் வரை குழந்தையை உட்கார வைக்காதே என்று எழுதவில்லை. ஏனென்றால் அப்படி எழுதினால், உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டிவரும்.

மார்ச் 30, ஞாயிறு

கடிதம் முடிந்தது. காலையிலிருந்து மாலை வரை ஆயிற்று. முதல் கடிதத்தின் அந்த ஒரு வாக்கியத்தில், இதன் முதல் இரண்டு பத்திகளைவிடச் சொற்கள் அதிகம்.

'உங்கள் குழந்தையின் நாற்காலியை இப்போதே மடித்து வையுங்கள். அதில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

கால்களைப் பிடிக்கும் கொக்கி நாளடைவில் தேய்ந்து, நாற்காலி திடீரென மடங்குகிறது. குழந்தைகளுக்குக் காயம் ஏற்பட்டுள்ளது. நீங்கள் பயன்படுத்திய விதம் காரணம் அல்ல. கொக்கியை நாங்கள் சரியாகச் செய்யவில்லை.

நாற்காலியைக் கொண்டு வாருங்கள். இரும்புக் கொக்கி போட்டுத் தருகிறோம். வர முடியாவிட்டால் கீழுள்ள எண்ணில் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம். அதுவரை வேறு எங்கு வேண்டுமானாலும் வைத்து ஊட்டுங்கள்.'

'கொக்கியை நாங்கள் சரியாகச் செய்யவில்லை.' இந்த வரியை எழுதி, அடித்து, 'உரிய தரத்தை எட்டாதிருக்கக் கூடும்' என்று போட்டு, அதை அடித்து, மீண்டும் எழுதினேன். படித்த படிப்பு முழுவதும் கையைப் பிடித்து இழுத்தது.

மனைவி படித்தாள். தொலைபேசியை எடுத்துத் தங்கைக்கு வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் தங்கை கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "யாரு எழுதினது?"

"உங்க அண்ணன்தான்."

"பொய் சொல்லாதீங்க அண்ணி."

மார்ச் 31, திங்கள்

முதலாளியை இதைக் கையெழுத்திட வைக்க வேண்டும். எட்டுப் பக்கம் தோற்றுவிட்டது. கெஞ்சினால்? 'பேசாம இருங்க' என்பார். இராஜினாமா செய்வேன் என்றால்? செய்யுங்கள் என்பார், கடிதமும் என்னோடு வெளியேறும்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை எது? சாட்சிக் கூண்டில் இருப்பவரைக் கேள்வி கேட்பது. குரல் போதாமல் அதை விட்டேன். தாளில் கேட்பதற்குக் குரல் எதற்கு?

ஒரே பக்கம் எழுதினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் கேட்கக்கூடிய கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் விடைக்கு இடம் விட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை. முதலாளி அறை. கதவைச் சாத்தினேன். புதுக் கடிதத்தை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். கேள்வித்தாளையும் ஒரு பேனாவையும் மட்டும் அவர் முன் வைத்தேன்.

"என்னது?"

"வழக்கு வந்தால் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகள். நீங்களே விடை எழுதிப் பாருங்கள். நான் ஒன்றும் பேச மாட்டேன்."

"பரீட்சையா?" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

கேள்விகள் இவை:

கொக்கி தேயும் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?

தெரிந்த பிறகு பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினீர்களா?

அதைச் சத்தமாகப் படியுங்கள்.

குழந்தையை உட்கார வைக்காதீர்கள் என்று எந்த வரியில் உள்ளது? விரலை வைத்துக் காட்டுங்கள்.

அந்தக் கடிதம் போன பிறகு காயப்பட்ட குழந்தையின் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்திருந்ததா?

அப்படியானால் அது யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது?

முதல் விடையை உடனே எழுதினார். இரண்டாவதற்கு, 'ஆம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். மூன்றாவது கேள்வியைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தார். இணைத்திருந்த பழைய கடிதத்தை எடுத்து உண்மையாகவே சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். 'இடையறாது மேம்படுத்தும்' வரை கம்பீரமாக இருந்தது. 'பொருள்படாத வகையில்' என்பதில் மூச்சு வாங்கினார். 'பெருமகிழ்ச்சி' வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

நான்காவது கேள்வி. விரலால் தேடினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். இல்லாத ஒன்றைத் தேடும் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதன்று. அந்த வெற்றிடத்தை உண்டாக்கியவன் நான்.

ஐந்தாவதைப் படித்ததும், "இன்னொண்ணு நடந்துடுச்சா?" என்றார்.

"வியாழனன்று. பெண் குழந்தை. தாடை. அறிக்கை அன்றே உங்கள் மேசைக்கு வந்தது."

அவர் மேசையைப் பார்த்தார். மேசை நிறையத் தாள்கள்.

ஆறாவது கேள்வியின் கீழ்ப் பேனா நின்றது. எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். எழுந்து ஜன்னலோரம் சென்று, கீழே லாரியில் புது மாடல் நாற்காலிகள் ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதி வெச்சிருப்பீங்களே. எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒருமுறைதான். ஒருமுறை போதுமானதாக இருந்தது.

"'நாங்கள் சரியாகச் செய்யவில்லை.' இது இருந்தே ஆகணுமா?"

"அது இல்லையென்றால், பெற்றோர் தாங்கள்தான் எதையோ தவறாகப் பயன்படுத்திவிட்டோம் என்று எண்ணி, வெட்கப்பட்டு, வரமாட்டார்கள்."

"கோர்ட்ல இதைப் படிப்பாங்க."

"படிப்பார்கள். நானும் அங்கு இருப்பேன்."

பிறகு திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. யார் மேல் என்று என்னால் உறுதியாகக் கூற இயலாது.

"அனுப்புங்க. ஆனா என் கையெழுத்து வேணாம். உங்க கையெழுத்து. விற்பனை விழுந்தா உங்க தலைதான்."

ஏற்றுக்கொண்டேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நிபந்தனையைத் திருத்தம் கோராமல் ஏற்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இம்முறை வழவழப்புத் தாள் இல்லை. உறையில் முத்திரையும் இல்லை. சர்க்கரையின் யோசனைப்படி உறையின் மேலேயே முதல் வரி அச்சிடப்பட்டது: 'உங்கள் குழந்தையின் நாற்காலியை இப்போதே மடித்து வையுங்கள்.' பிரிக்காமல் தூக்கிப் போடுபவரும் படித்துவிட்டுத்தான் போட முடியும். உள்ளே ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாததைச் சர்க்கரை பெரும் தியாகமாகக் கருதுகிறார்.

எல்லாம் இன்று போய்விட்டன.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்றும் இல்லை. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் மேசைக்கே போய் நிற்கிறேன். இன்னொரு தாடையா? இன்னொரு விரலா? கடிதம் வழியில் இருக்கும்போது அடிபட்டால்?

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் இல்லை. மதியம் சாப்பிடவில்லை. "ஒரு கடிதம் போட்டதுக்கே இப்படியா, நான் வாரத்துக்கு நாலு போடறேன்" என்றார் சர்க்கரை. நான் முறைத்ததும், "மன்னிச்சுக்குங்க சார், என்னுதை யாரும் படிக்கலைன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அவரை அவ்வளவு தாழ்ந்த குரலில் கேட்டதில்லை.

ஏப்ரல் 5, சனி

காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. அந்த அம்மாவுக்குத் துணையாக நானும் ஒரு கருவியை எடுத்து வைத்துக்கொண்டேன். திட்டுகிறார்கள். "இத்தனை நாள் என்னய்யா பண்ணீங்க?" "உங்களை நம்பி வாங்கினேனே!" "முன்னாடி ஒரு கடிதம் வந்துச்சே, அதுல ஏன் இதைச் சொல்லல?" ஒரு பாட்டனார் மூச்சு விடாமல் திட்டி முடித்து, கடைசியில், "மடிச்சு வெச்சுட்டேன். எப்ப வரணும்?" என்றார்.

நான் கேட்ட ஒவ்வொரு வசவுக்குப் பின்னும் அந்தச் சொல் வந்தது. மடிச்சுட்டேன். மடிச்சு வெச்சாச்சு. பாத்த உடனே மடிச்சுட்டோம்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைகள் புது மாடலை எடுக்கத் தயங்குகின்றன. முதலாளி அழைத்தார்.

"உங்க கடிதம் நல்லாவே வேலை செய்யுது" என்றார். பிறகு: "நீங்கதானே கூப்பிட்டீங்க, நீங்களே உக்காந்து வாங்கிக்குங்க. எல்லா நாற்காலியும் வந்து சேர்ற வரைக்கும் பட்டறையில உங்களுக்கு ஒரு மேசை. சட்ட வேலைக்கு வெளியே ஒருத்தரைப் பாத்துக்கறேன். அப்புறம் என்னன்னு அப்புறம் பாப்போம்."

இது தண்டனையா என்று மனைவி கேட்டாள். ஆணையில் அப்படி இல்லை என்றேன். "ஆணையில இல்லாததையும் படிக்கக் கத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். ஆனால் இன்று சாப்பாட்டை அவளே பரிமாறினாள்; அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முதல்முறை.

ஏப்ரல் 10, வியாழன்

பட்டறை மேசை. மரத்தூள், எண்ணெய் வாடை. வாசலில் நாற்காலிகளோடு வரிசை. ரசீது எழுதுகிறேன், மேஸ்திரி கொக்கி மாற்றுகிறார். தங்கையும் வந்தாள். என்னிடம் நேராகப் பேசவில்லை. மேஸ்திரியிடம், "நல்லா இறுக்கிப் போடுங்க, இவ மாமாவை மாதிரி இல்ல, ரொம்ப ஆடுவா" என்றாள். போகும்போது குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

ஏப்ரல் 12, சனி

மதியம், வரிசை ஓய்ந்த நேரம், ஒருவர் வந்தார். இடுப்பில் பெண் குழந்தை, மறுகையில் மடித்த நாற்காலி. அதை என் மேசைமேல் சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தார். கொக்கியின் தலை.

"உங்க கடிதம் வந்த அன்னிக்கே மடிச்சுக் கதவுக்குப் பின்னாடி வெச்சுட்டோம். இவ அந்தக் கதவையே பாத்துப் பாத்து ஒரே அழுகை. இன்னிக்குக் கொண்டு வரலாம்னு தூசி தட்ட விரிச்சேன். விரிச்சு, கையை ஊன்றினேன். அவ்ளோதான். இது பிச்சுக்கிட்டு சுவத்துல போய் அடிச்சுது." அவர் கொக்கியின் தலையைத் தொட்டுக் காட்டினார். "திட்டணும்னுதாங்க வந்தேன். யாரு அந்தக் கடிதம் எழுதினது?"

"நான்தான்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவதற்கு வைத்திருந்த சொற்கள் அவர் முகத்தில் வந்து வந்து போயின. கடைசியில், "கையெழுத்துப் போடணுமா? கொஞ்சம் இவளைப் பிடிங்க" என்று குழந்தையை என்னிடம் நீட்டினார்.

கனமாக இருந்தாள். மணல் மூட்டையைவிடக் கனம், வெதுவெதுப்பு. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதினேன். ரசீதில் 'பொருளின் நிலை' என்ற இடம் மட்டுமே உண்டு. குழந்தையின் நிலைக்கு இடமில்லை, ஓரத்தில் எழுதினேன். அதன் நகல்:

பெற்றுக்கொண்டது: மடக்கு நாற்காலி ஒன்று. கொக்கி முழுதும் முறிந்துள்ளது.

குழந்தை: காயம் ஏதும் இல்லை. நேரில் கண்டேன்.

ஒப்பம்: சட்ட அலுவலர், தற்போது பட்டறை மேசை.

சாட்சிகள்:

1. குழந்தையின் தந்தை.

2. பட்டறை மேஸ்திரி.

3. குழந்தை. கையெழுத்திட மறுத்துப் பேனாவைப் பிடுங்கிக் கடித்தாள். பற்குறி ஏற்றுக்கொள்ளப்பட்டது.